அக்கா தேய்த்த பாறைகள்

என் அக்காவுக்கு அழுக்கு என்றால் ஆகாது. விருந்தாளி வருகிறார் என்றால் வாசல்படியோடு எங்களையும் சேர்த்துத் தேய்த்துவிடுவாள். அவளுக்குப் பூங்காவில் துப்புரவு வேலை, அதுவும் தற்காலிகம்தான். அதே பூங்கா வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருப்பதால் நடந்ததை நான் கண்ணாலேயே பார்த்தேன். புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் ஊரும் ஜப்பானில் ஏதோ ஓர் ஊரும் நட்பு ஊர்களாம். யார் யாரோடு பழகினார்களோ, தெரியாது. அதற்கு அடையாளமாக அவர்கள் வந்து பூங்காவின் ஒரு மூலையில் தோட்டம் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு குளம், ஒரு மரப்பாலம், சுற்றிலும் பாறைகள். பூ ஒன்றுகூடக் கிடையாது. இதுவும் ஒரு தோட்டமா என்று அன்றிலிருந்து கேட்கிறேன், பதில் சொல்லத்தான் ஆளில்லை.

பல வருடம் கழித்து அவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றதும் சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டார்.

"வர்றவங்க மெச்சுற மாதிரி வெச்சிருந்தா உன் வேலையை நிரந்தரமாக்க நானே பேசுறேன். சொதப்பினா என்கிட்ட வந்து நிக்காதே."

போதாதா? அக்கா பிளீச்சிங் பவுடரும் பிரஷுமாக இறங்கிவிட்டாள். பாறைகளில் பச்சைப் பசேலென்று படிந்திருந்த பாசியை ஒன்றுவிடாமல் சுரண்டிக் கழுவினாள். நானும் "சபாஷ்க்கா" என்றேன்.

வந்தார்கள். தோட்டத்தை அமைத்த பெரியவர் பாறை முன்னால் அப்படியே நின்றுவிட்டார். மொழிபெயர்க்க வந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அந்தப் பாசி வளரட்டும்னுதான் இத்தனை வருஷம் காத்திருந்தாங்களாம்."

பாசியைப் போய் வளர்ப்பார்களா! சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா கையைப் பிசைந்துகொண்டே முன்னால் போனாள்.

"நான்தாங்க தேய்ச்சேன். ஆள் வர்றாங்கன்னா நாங்க தேய்ச்சுத்தான் வைப்போம்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பெரியவர் பாறையைத் தடவினார். பிறகு அக்கா முன்னால் இடுப்பு வரை குனிந்தார். இவளும் பதறிக் குனிந்தாள். அவர் இன்னும் குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று இரண்டு ஊருக்கும் தெரியவில்லை.

"எங்களுக்காக இவ்வளவு தேய்ச்ச கை, வளர்க்கவும் செய்யும்ங்கிறார். பாசி திரும்ப வர்ற வரைக்கும் இவங்களேதான் பார்த்துக்கணுமாம். வந்ததும் மறுபடி வருவாராம்" என்றார் மொழிபெயர்த்த அம்மா.

வேலை நிரந்தரமாயிற்று. "நான் செஞ்சது தப்பாடா, சரியாடா?" என்று அக்கா இன்னும் கேட்கிறாள். எனக்கென்ன தெரியும்! தினமும் பாறைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். துளிப் பச்சையைக் காணோம்.

நேற்று வீட்டுக் குளியலறையைத் தேய்க்க உட்கார்ந்தவள், பிரஷைக் கீழே வைத்துவிட்டு மூலையில் படிந்திருந்த பாசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், இதைப் பெயர்த்துட்டுப் போய் அங்க ஒட்டினா பிடிக்குமாடா? அவருக்கு வயசாயிடுச்சே."