முன் சீட்டு

எங்கள் வெள்ளைக்கார இயக்குநர் அளவுக்கு நம் பண்பாட்டை மதித்தவர் கொடைக்கானலிலேயே கிடையாது. எந்த வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். கையால் பிசைந்து சாப்பிடுவார். அந்த மரியாதைதான் என் வேலைக்கு உலை வைத்தது.

எழுபதுகளின் கடைசி. வெளிநாட்டு உதவியில் நடந்த தாய்சேய் நலத் திட்டத்தில் நான் ஊழியர். மலைக் கிராமங்களுக்கு ஜீப்பில் போவோம். ஒருநாள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, பெருமாள்மலைக்குக் கீழே இருந்த ஊருக்கு இனி நான் வர வேண்டாம் என்றார். ஜீப்பில் பெண் வருவது ஊர்த்தலைவருக்குப் பிடிக்கவில்லையாம். "அவங்க வழக்கத்தை நாம மதிக்கணும்" என்றார். எனக்குப் பதிலாக ஓர் ஆண் ஊழியர் போனார்.

அந்த ஊரில் நிறைமாதக்காரி ஒருத்தி, கால் வீங்குவதையும் கண் மங்குவதையும் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

போய் வந்த ஊழியரிடம் விசாரித்தேன்.

"வாசல்ல நின்னு கேட்டேங்க. எல்லாரும் சொகம்னு மாமியாரம்மா சொன்னாங்க."

வாசலில் நிற்கும் ஆணிடம் எந்த மாமியார் மருமகளின் வீக்கத்தைச் சொல்வாள்?

மறுநாள் முதல் பஸ்ஸில் பெருமாள்மலையில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போனேன். வேலை போய்விடும், தலைவர் ஊருக்குள்ளேயே விடமாட்டார் என்று வழியெல்லாம் பயம். அவர் கண்ணிலேயே முதலில் பட்டேன்.

"என்னம்மா, ஆளையே காணோம்?"

"நீங்கதான வரக்கூடாதுன்னீங்க?"

"நான் எப்பம்மா சொன்னேன்? ரெண்டு ஆம்பளைக்கு நடுவுல முன் சீட்டுல நெருக்கிக்கிட்டு வாரீங்க, பாக்குறவங்க நாலு பேசுவாங்க, பின்னால உக்காரச் சொல்லுங்கன்னு உங்க தொரைகிட்ட சொன்னேன். அம்புட்டுத்தான்."

அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை. வீட்டுக்குள் அந்த நிறைமாதக்காரி தலையைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். முகமே ஊதியிருந்தது. தலைவர்தான் பெருமாள்மலைக்கு ஆளை விரட்டி எங்கள் ஆபீசுக்குப் போன் போடச் சொன்னார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஜீப் வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

இயக்குநரே வந்தார். அவளைப் பின்னால் கிடத்தினோம். நான் ஏறக் காலை வைத்தேன். அவர் தலைவர் பக்கம் திரும்பி, கைகூப்பி, பணிவாகக் கேட்டார்: "ஐயா, இவங்க ஜீப்ல வரலாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவரை எதுக்கு சார் கேக்குறீங்க? என்னைக் கேளுங்க. இவளைக் கேளுங்க."

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் அவள் என் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.