லயத்தைக் காத்த கடிதம்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர் மூக்கன். 1942இல், உலகச் சண்டையின்போது, வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு வெளிநாட்டில் ரோடு போட ஆள் எடுத்தபோது கப்பலேறினார். சண்டை முடிந்து அவர் திரும்பும்வரை, குடும்பத்தைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து யாரும் வெளியேற்றக் கூடாது என்று பட்டாளத்து அதிகாரி கடிதம் கொடுத்தார்.

ஒருநாள் கங்காணி வந்து, ஆம்பளை இல்லாத குடும்பத்துக்கு லயத்துக் காம்பரா எதற்கு, காலி பண்ணு என்றார். மனைவி அம்மாக்கண்ணு கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கங்காணி வந்த வழியே திரும்பிப் போனார்.

மூன்று வருஷம் கழித்து மூக்கன் நொண்டிக்கொண்டு திரும்பினார்.

1952இல் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை விசாரணை நடந்தது. 1946க்கு முன் ஏழு வருஷம் விடாமல் இலங்கையிலேயே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அரசாங்கக் கடிதம் அல்லவா, மூக்கன் பெருமையாக அதையே எடுத்துக் கொடுத்தார். விசாரித்தவர் ஒரு முறைதான் படித்தார்.

"அப்ப மூணு வருஷம் நீ நாட்டுல இல்ல. நீயே அத்தாட்சி குடுத்துட்ட."

குடும்பத்தின் மனுவே தள்ளுபடி; இனி அவர்களை எப்போது வேண்டுமானாலும் நாட்டைவிட்டு அனுப்பலாம்.

அம்மாக்கண்ணு மேசையில் ஓங்கி அறைந்தாள்.

"அவரு ஊரு சுத்தவாங்க போனாரு? நீங்க கூப்பிட்டுத்தானே போனாரு! சண்டை முடியிறவரைக்கும் எங்கள யாரும் வெரட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தீங்களே, எதுக்கு? முடிஞ்சதும் நீங்களே வெரட்டுறதுக்கா?"