தொடர்பில் இருந்தவர்கள்

தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, வட்டாரக் கல்வி அலுவலகத்தின் சாமான் அறையைக் காலி செய்து, சுவர்களில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு மேசையும் ஒரு கைபேசியும் வைத்தார்கள். எதிரொலி விழாமல் குரல் பதிவு செய்வதற்கான ஏற்பாடு அது. மின்விசிறி ஓடினால் பதிவில் இரைச்சல் வரும். நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். நிறுத்திவிட்டு உட்கார்ந்து, வட்டாரத்தின் எல்லாப் பள்ளிக் குடும்பங்களுக்கும் தினமும் காலையில் தொலைபேசியில் போகும் அறிவிப்பைப் படித்தவர், அதுவரை அலுவலக வாசலில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி. பிள்ளைகள் அவருக்குப் போன் அக்கா என்று பெயர் வைத்தார்கள். அம்மாக்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அலுவலகத்திலும் அந்தப் பெயரே நிலைத்தது.

அவர் பெரிய படிப்புப் படித்தவரல்ல. பள்ளியிறுதி முடித்த கையோடு ஒரு துணிக்கடையில் சேர்ந்து, விலை கேட்பவர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிப் பழகினார். பிறகு கல்வி அலுவலகத்துக்குத் தற்காலிக ஊழியராக வந்து, தற்காலிகமாகவே தலை நரைத்தார். கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அச்சகம் மூடிக் கிடந்ததால் அந்த மாதங்களில் வீட்டோடு இருந்தார்.

மேலிடத்துச் சுற்றறிக்கைகளை அப்படியே படித்தால் யாருக்கும் விளங்காது என்பதைப் போன் அக்கா முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார். தாளில் 'இணையவழிக் கற்றலுக்கான சாதன வசதியற்ற மாணாக்கர்' என்றிருந்தால், அவர் வாயில் அது 'வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைகள்' என்றாகிவிடும். அரை நிமிடத்துக்கு மேல் போனால் மக்கள் துண்டித்துவிடுவார்கள் என்பதால் சுருக்கவும் செய்வார். அறிவிப்பு முடிந்ததும் அழைப்புகள் வரத் தொடங்கும். பாடப்புத்தகம் எங்கே கிடைக்கும், மளிகைப் பை எப்போது தருவார்கள், காய்ச்சலுக்கு யாரைப் பார்ப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள்.

ஒருநாள் ஒரு பெண், "போன் அக்கா, வீட்ல இருக்கற ஆம்பளைங்க பாத்திரம் கழுவணும்னு ஒரு அறிவிப்புக் குடுங்களேன்" என்றாள்.

"அது என் அதிகாரத்துல இல்லம்மா. இருந்திருந்தா மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் குடுத்திருப்பேன்."

இப்படிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த வாய்தான் ஒருநாள் வினையை இழுத்துவந்தது.

மேட்டுத்தெருப் பள்ளியில் மதிய உணவுக்குப் பதிலாகக் குடும்பங்களுக்கு மளிகைப் பைகளை எடுத்துக் கொடுத்தவர் அந்தப் பள்ளியின் சமையலக்கா. கணவரை இழந்து, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக வாழ்ந்தவர். பை கொடுத்த இரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது, சோதனையில் நோய் உறுதியானது, மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்று வரிசையில் நின்றவர்களைச் சோதித்தாக வேண்டும். சுகாதாரத் துறையிலிருந்து வந்த தாளில், 'நோய்த்தொற்று உறுதிசெய்யப்பட்ட பணியாளருடன் நெருங்கிய தொடர்பில் இருந்த நபர்கள்' என்று இருந்தது. பெயரோ பதவியோ சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால், யாரென்று சொல்லாவிட்டால் எவருக்குப் புரியும் என்று போன் அக்காவுக்குத் தோன்றியது. பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்ல ஒரு வரியும் சேர்த்தார். காலை எட்டு மணிக்கு அறிவிப்பு எல்லா வீடுகளுக்கும் போனது.

"மேட்டுத்தெருப் பள்ளிச் சமையலக்காவுடன் நெருங்கிய தொடர்பில் இருந்தவர்கள் தயங்காமல், வெட்கப்படாமல் பள்ளிக்கு வந்து சோதனை செய்துகொள்ளவும். உங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும்."

முதலில் அழைத்தவர் கணவர். சிரிப்பை அடக்க முடியாமல் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

"ஏம்மா, அந்த அம்மாவுக்கு யாரோடம்மா தொடர்பு?"

"என்ன உளர்றீங்க? வரிசையில நின்னவங்களைச் சொன்னேன்."

"நீ சொன்னதைத் திரும்ப ஒருதரம் கேளு. வெட்கப்படாம வரணுமாம், பேரு ரகசியமாம்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். குரல் மாறியது. "இது எல்லா வீட்டுக்கும் போயிருக்குமா?"

போயிருந்தது. நண்பகல்வரை பள்ளி வராந்தாவில் சோதனைக் குழுவினர் பாதுகாப்பு உடைக்குள் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. எந்த ஆண் படியேறினாலும் அவன் மனைவி தெருவில் தலை காட்ட முடியாது என்ற நிலை. பெண்கள் வந்தாலோ, புருஷனுக்குப் பதிலாக வந்திருக்கிறாள் என்பார்கள். கைபேசிக் குழுக்களில் அந்தப் பதிவோடு சமையலக்காவின் படத்தையும் போட்டு, யார் யார் வருவார்கள் என்று பந்தயம் கட்டினார்கள்.

மறுநாள் காலை சமையலக்காவின் மகள் அழைத்தாள். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் போன் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மேடம், எங்கம்மா ஆக்சிஜன் மாஸ்க் போட்டுட்டு மூச்சுக்குத் தவிக்கிறாங்க. வார்டுல எல்லாரும் அந்த அறிவிப்பைப் போட்டுக் கேக்குறாங்க. இங்க எங்க மாமியார் என்னைப் பாக்குற பார்வையே வேறயா இருக்கு. எங்கம்மா என்ன தப்புப் பண்ணாங்க? பை எடுத்துக் குடுத்தாங்க. அவ்வளவுதானே?"

"நான் மாத்திச் சொல்லிடறேம்மா."

"எப்போ?"

போன் அக்கா நேராக வட்டார அலுவலரிடம் போனார். அவர் ஜன்னலோரம் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"'நெருங்கிய தொடர்பு'ங்கற சொல்லு சுகாதாரத் துறையோடது. நம்ம மேல தப்பு வராது" என்றார்.

"யாருன்னு சேர்த்தது நான்தான் சார். ரகசியம்னு சொன்னதும் நான்தான்."

"அதை இன்னொரு தரம் உரக்கச் சொல்லாதீங்க. ஆளைக் காட்டிக் குடுத்தோம்னு மேல தெரிஞ்சா என்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. விடுங்கம்மா, நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"அந்த நாலு நாளும் யாரும் சோதனைக்கு வரமாட்டாங்களே சார்."

அலுவலர் முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்பது அதன் பொருள்.

அன்று பகல் முழுவதும் போன் அக்கா பை வாங்கிய வீடுகளைத் தேடித்தேடி அழைத்தார். சிலர் எடுக்கவில்லை. சிலர் எடுத்து, 'எங்க வீட்ல அப்படிப்பட்டவங்க யாரும் இல்லை' என்று வைத்துவிட்டார்கள். பேருந்து நிலையத்தருகே டயர் பஞ்சர் ஒட்டுபவரின் வீட்டில் அவர் மனைவி எடுத்தாள். பின்னால் ஓர் ஆண் குரல் விடாமல் இருமுவது கேட்டது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் அன்னைக்குப் பை வாங்க வந்தாரா?"

"வந்தாருன்னா? அதுக்கு நீங்கதான் வேற பேரு வெச்சிட்டீங்களே."

"அது என் வாய்க் கொழுப்பும்மா. பக்கத்துல நின்னவங்கன்னு சொல்ல வந்தேன். இருமறது அவரா?"

"தூசி." பின்னால் இருமல் மறுபடி கிளம்பியது. "ரெண்டு நாளா."

"உடனே கூட்டிட்டுப் போங்கம்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

"நீங்க என் காதுல மட்டும் சொல்லிட்டுப் போயிடுவீங்க. என் நாத்தனாருக்கு யாரு சொல்றது? எதிர்வீட்டுக்காரிக்கு யாரு சொல்றது? இந்த மனுஷனே, 'செத்தாலும் அந்தப் படியில ஏறமாட்டேன், என் மானம் போயிடும்'னு உக்காந்திருக்காரு. ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னீங்கள்ல? ஊருக்கே கேக்கற மாதிரி மாத்திச் சொல்லுங்க."

போன் அக்கா சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பதிவை அனுப்புவதற்கு முன் அலுவலரிடம் போட்டுக் காட்ட வேண்டும் என்பது நடைமுறை. காட்டினால் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். எழுதி வைத்துக்கொள்ளாமலேயே பேசி, நேராக எல்லா வீடுகளுக்கும் அனுப்பினார்.

"நான் போன் அக்கா பேசறேன். நேத்து நான் சொன்ன அறிவிப்பு தப்பு. அந்தத் தப்பு முழுக்க என்னோடது. மளிகைப் பை வாங்க வரிசையில நின்ன எல்லாருக்கும் சோதனை. ஆம்பளை, பொம்பளை, பிள்ளைங்க எல்லாருக்கும். பை குடுத்தவங்க குனிஞ்சு நிமிந்து உங்க வீட்டுக்குச் சாமான் எடுத்துக் குடுத்தாங்க. வேற எதுவும் இல்லை. சிரிச்சவங்க சிரிச்சது போதும். இருமல் இருக்கற வீட்டுக்காரங்க இப்பவே கிளம்புங்க."

சமையலக்கா என்ற சொல்லை இம்முறை அவர் வாயிலெடுக்கவில்லை.

மாலைக்குள் பள்ளி வராந்தாவில் கூட்டம் சேர்ந்தது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். டயர்காரரை மனைவி தோளில் சாய்த்து, படிக்குப் படி நிறுத்தி ஏற்றினாள். சோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் அவரை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை. கடையில் இப்போது டயர் கழற்றுவது மனைவி. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த நட்டை முதலில் தளர்த்துவது என்று சொல்வதோடு சரி. ஒரு நாள் முன்னதாக வந்திருந்தால் எப்படியிருக்கும் என்று மருத்துவரிடம் அவர்கள் கேட்கவில்லை. போன் அக்கா கேட்டார். மருத்துவர் தோளைக் குலுக்கினார்.

அலுவலர் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். ஆனால் வேறு எந்தக் குரலை அனுப்பினாலும் மக்கள் பாதியிலேயே துண்டித்தார்கள். அதனால், வரிக்கு வரி கையெழுத்து வாங்கிய பிறகே படிக்க வேண்டும் என்ற கட்டளையோடு போன் அக்கா போர்வை அறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அவர் எந்தச் சொல்லையும் மாற்றவில்லை. தாளில் இருந்ததை இருந்தபடியே படித்தார். 'என்னக்கா, ஒண்ணும் புரியலையே' என்று குடும்பங்கள் திரும்ப அழைத்துக் கேட்டன.

சமையலக்கா வீடு திரும்பினார் என்று கேள்விப்பட்டும், ஒரு வாரம் அழைக்கத் துணிவு வரவில்லை. பிறகு ஒரு பிற்பகல் அழைத்தார்.

"அக்கா, நான்தான்..."

"தெரியுது. இந்தக் குரல் எனக்கு மறக்குமா?" சமையலக்காவின் குரல் இன்னும் கம்மியிருந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா. உங்களுக்கு நான் பண்ணினது..."

"மாத்திச் சொன்னியே, அதையும் கேட்டேன். வார்டுல எல்லாரும் கேட்டாங்க. நர்சம்மாகூட வந்து, தப்பா நெனச்சிட்டோம்மான்னு சொல்லிட்டுப் போச்சு. நல்லாத்தான் சொன்ன."

போன் அக்காவுக்கு மூச்சு வந்தது. ஆனால் சமையலக்கா முடிக்கவில்லை.

"என் பக்கத்துப் படுக்கையில ஒரு அம்மா இருந்தாங்க. நான் சேர்ந்த அன்னைக்கு ராத்திரியெல்லாம் என் கையைப் புடிச்சிட்டுப் படுத்திருந்தாங்க. உன்னோட மொத அறிவிப்பு வந்துச்சு பாரு, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. நீ மாத்திச் சொல்றதுக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டாங்க."

போன் அக்கா ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"அவங்க கேக்கலைம்மா. அதைத்தான் சொல்றேன். என்னை அப்படி நெனச்சிட்டேதான் போனாங்க. அவங்களுக்கு இனி யாரு சொல்றது?"

கோபமாகக் கேட்டதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே விடை தேடுகிறவர் போலத்தான் சமையலக்கா கேட்டார். பிறகு, மருந்து வேளையாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.