பத்தாவது பால்ரஸ் குண்டு

எதிர்க்கடை செல்வராசு இறந்துவிட்ட செய்தி வந்தபோது, நான் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது அழுகையல்ல, நிம்மதி. என் மானத்தைக் கையில் வைத்திருந்த ஒரே ஆள் அவர். மாலையில் அவர் வீட்டு வாசலைப் பார்த்ததும் அந்த நிம்மதியும் போயிற்று. ராஜேந்திர சோழனின் குதிரைப்படை இறங்கியதுபோல அத்தனை சைக்கிள்கள். நான் செத்தால் நான்கு வரும். அதில் இரண்டு பஞ்சராக இருக்கும்.

தா.பழூர் கடைத்தெருவில் நாங்கள் எதிரெதிர் சைக்கிள் கடை. அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, மறுவருடமே பெரம்பலூரோடு சேர்ந்தது. நாங்கள் சேரவில்லை. அவர் சீட்டில் கைவைத்துப் பின்சக்கரத்தை ஒரு சுற்று விட்டால் போதும், என்ன நோவென்று சொல்லிவிடுவார். நானும் யாருக்கும் தெரியாமல் அப்படிச் செய்து பார்த்தேன். என் வயிறு எரிகிற சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது.

நன்றாக ஓடிய சைக்கிளை நர்ஸ் தமிழரசி ஒருமுறை என்னிடம், முழுக்கப் பிரித்து மாட்டும் ஓவராயிலுக்கு விட்டார். பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது பால்ரஸ் குண்டு. இன்னொன்று நுழைய இடமிருந்தது. காலியாக விடுவானேன் என்று, வள்ளல் மனசோடு பத்தாவதையும் நெருக்கித் திணித்தேன். மறுநாள் அந்த ஹப் போட்ட இரைச்சலில் விக்கிரமங்கலம் வரை காக்கைகள் ஊரைக் காலி செய்தன. இரண்டு முறை பிரித்தேன். இரண்டு முறையும் கிரீஸை அள்ளி அப்பி, அதே பத்தைத்தான் போட்டேன்.

“அண்ணே, நீங்க கழட்டக் கழட்ட சத்தம் பெருசாவுதுண்ணே” என்று சொல்லிவிட்டு, அந்தம்மா சைக்கிளை எதிர்க்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

செல்வராசு பிரித்தார், துடைத்தார், பக்கத்துக்கு ஒரு குண்டை எடுத்தார், மூடினார். சக்கரம் பூனைபோலச் சுற்றியது. என்ன கோளாறு என்று நர்ஸ் கேட்டார். தெருவே காதைத் தீட்டியது. ஒரு வார்த்தை போதும், என் கடைக்கு அன்றோடு பூட்டு.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “சுண்ணாம்புக்கல் லாரித் தூளு உள்ள போயிருக்குங்க. யாரு கழட்டுனாலும் ரெண்டு மூணு தடவ ஆவும். அண்ணன் பாதி வேலைய முடிச்சிட்டாரு” என்றார்.

பிற்பகல் டீக்கடையில் அந்த இரண்டு குண்டுகளையும் என் உள்ளங்கையில் வைத்தார். “ஒரு குண்டுக்கு எடம் விடணும்ணே. நெருக்குனா ஒண்ண ஒண்ணு அரைச்சிக்கும்.”

“தெரியும். சும்மா சோதிச்சுப் பாத்தேன்” என்றேன்.

“அதான் நானும் நெனச்சேன்” என்றார், சிரிக்காமல். சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

சாகும்வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவரை அறிந்தவர்களே, இன்று நானே சொல்கிறேன். தமிழரசி சிஸ்டர், அது லாரித் தூள் இல்லை, நான்தான். அவருடையதாக என்னிடம் இருப்பது இந்தத் தெருவில் எனக்குள்ள நல்ல பெயர் மட்டுமே. அதையும் என்னைவிட அவரே நன்றாகப் பழுதுபார்த்தார் என்பதை நினைத்தால், இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.