மெதுவாகப் போன ஆம்புலன்ஸ்

ஆம்புலன்ஸ் மெதுவாகப் போனால் இந்த மலையாளத்து ஊரில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். சைரன் கேட்டால் போதும், பேருந்துகள் ஓரங்கட்டும், கடையில் நிற்பவர்கள் சாலையில் இறங்கி வழிவிடச் சொல்லிக் கத்துவார்கள், யாரும் கேட்காமலே இரண்டு பைக்குகள் முன்னால் பறந்து பாதை ஒதுக்கித் தரும். நல்ல மனசுதான். ஆனால் முதுகெலும்பில் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு போகும்போது இந்த நல்ல மனசைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அன்று விழிஞ்ஞம் பக்கம் ஒரு கட்டட வேலையில் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டார். தென்காசிக்காரர். நர்ஸான நானும் டிரைவரும் ஆம்புலன்ஸில் போய் இறங்கியபோது ஆட்டோ தயாராக நின்றது. கூட வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால் என்று பிடித்து அவரைத் தூக்கப் போனார்கள்.

“விடுங்கோ! யாரும் தூக்கப்படாது!” என்று கத்தினேன். பதற்றத்தில் எனக்கு மலையாளம் வராது, கரமனை அக்கிரகாரத்து வீட்டுத் தமிழ்தான் வரும். தமிழைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டார்கள்.

ரத்தப்போக்கு இல்லை. மூச்சும் நாடியும் ஒழுங்காக இருந்தன. நடுமுதுகில்தான் வலி. கால் விரல்களை அசைக்கச் சொன்னேன். வலது பெருவிரல் லேசாக மடங்கியது, இடது கால் அசையவில்லை. உள்ளே எலும்பு முறிந்திருந்தால், ஒரு குலுக்கலில் அந்த வலது விரலும் போய்விடலாம். அதற்குப் பிறகு அவர் நடப்பது சந்தேகம்தான். போனதை மீட்பது டாக்டர்கள் பாடு, இருப்பதைப் போகவிடாமல் கொண்டுசேர்ப்பது என் பாடு.

கழுத்துக்குப் பட்டை போட்டு, ஸ்ட்ரெச்சரை இரண்டாகப் பிரித்து இரு பக்கமிருந்தும் அடியில் நுழைத்து, கட்டி ஏற்றினோம். அதற்குள் கூட்டம் எங்களை வறுத்தெடுத்துவிட்டது. அங்கேயே வேலை செய்யும் அவருடைய மைத்துனரும் வண்டியில் ஏறிக்கொண்டார். டிரைவரிடம் மலையாளத்தில், “பதுக்கெ போயா மதி,” மெதுவாகப் போனால் போதும், என்றேன்.

“ஏன் சிஸ்டர் இப்படி உருட்டுதீங்க? அத்தான் செத்துருவாரு. மிதிக்கச் சொல்லுங்க!” என்றார் மைத்துனர்.

குலுங்கக்கூடாது என்று விளக்கினேன். காதில் ஏறவில்லை. வழக்கம்போல் முன்னால் பறந்த பைக்குகளில் ஒன்று திரும்பி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. “எந்தா சேட்டா, வண்டி கேடாயோ?” என்று, வண்டி பழுதாகிவிட்டதா என்பதுபோல், அதை ஓட்டிய பையன் டிரைவரிடம் கேட்டான். மைத்துனர் முன்பக்கச் சன்னலை ஓங்கித் தட்டி, “போ, போ!” என்று கத்தினார். டிரைவரும் மனிதர்தானே, மிதித்துவிட்டார். அடுத்த வேகத்தடையில் வண்டி எகிறி விழுந்தது. படுத்திருந்தவர் அலறினார்.

விரலை அசைக்கச் சொன்னேன்.

“அசைக்கேனே சிஸ்டர். அசைக்கேன்லா,” என்றார் அவர்.

விரல் அப்படியே இருந்தது. மைத்துனர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதே சன்னலைத் தட்டி, “அண்ணே, பைய போங்கண்ணே,” என்றார்.

மீதி வழி முழுக்க ஊர்ந்தோம். பைக்குகள் வெறுத்துப்போய் எங்கோ திரும்பிவிட்டன. பின்னால் ஹாரன் அடித்தவர்களை மைத்துனர் கண்ணாடி வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். விரலைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

கேஷுவால்டியில் டாக்டர் உள்ளங்காலைப் பேனாவால் கீறி, விரலை மடக்கச் சொன்னார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு வலது பெருவிரல் மடங்கியது. இன்னொரு முறை சொன்னதும் இன்னொரு முறை மடங்கியது. வழியில் அது அசையாமல் போனதைச் சொன்னேன். வலியில் உடம்பு இறுகினால் சில நேரம் அப்படி ஆகும் என்றார் டாக்டர். இடது காலைப் பற்றி ஸ்கேன் பார்த்துத்தான் சொல்லமுடியும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலையில் அப்படி வருவதில்லை.

மைத்துனர் வராந்தாவுக்கு ஓடி ஊரிலிருக்கும் தன் அக்காவை, அடிபட்டவரின் மனைவியை, போனில் கூப்பிட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்தியிருக்க வேண்டும், எனக்கும் கேட்டது.

“எக்கா, அத்தான் கால அசைச்சுட்டாருக்கா! நான் பாத்தேன்!”

அத்தான் விழுந்த செய்தியையே அவர் இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை.

“ஏலே, கால அசைக்கதுக்கு என்ன?” என்று சிரித்தது அந்தக் குரல். “அவருகிட்ட போனக் குடு.”