ஷூ நம்பர் விஜயகுமாரி

"எட்டு. அகலக் கால். கடைசி ரேக்குல பாரு செவ்வந்தி," என்று உதவிக்கு இருப்பவளிடம் சொல்லிவிட்டு, கையெழுத்து நோட்டை முன்னால் தள்ளுகிறாள் விஜயகுமாரி. கம்பி ஜன்னலுக்கு வெளியே நிற்கும் தொழிலாளி இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அவரது முகத்தையும் அவள் இன்னும் பார்க்கவில்லை.

சுரங்கத்துக்குள் போகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு ஜோடி பாதுகாப்பு ஷூ கொடுக்கும் ஸ்டோரில் அவளுக்குப் பதினேழு வருட சர்வீஸ். முன்பக்கம் இரும்பு மூடி வைத்த கனத்த கறுப்பு ஷூக்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். பத்தாயிரம் கால்கள் அவளுக்கு மனப்பாடம். சொல்வது நான் என்பதால் ஒரு சைபரைக் கழித்துக்கொள்ளுங்கள்; அப்போதும் அதிகம்தான். பெயர்கள் மட்டும் மனதில் நிற்பதில்லை. மார்க்கெட்டில் யாராவது வணக்கம் சொன்னால் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒம்போதுங்களா, சௌக்கியமுங்களா?" என்பாள். கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்தவர்கள் அவளிடம்தான் விசாரிக்கிறார்கள் என்று டவுன்ஷிப்பில் ஒரு வதந்தி உண்டு. அதைக் கிளப்பியது யார் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆண்கள் சொல்லும் நம்பரை அவள் நம்புவதே இல்லை. "ஒண்ணு கூட்டித்தானுங்க சொல்லுவாங்க. மச்சானுக்கு ஒரு ஜோடி வேணும்னாலும் கூட்டுவாங்க." அதற்காகவே தச்சரிடம் சொல்லி, நகரும் கட்டை வைத்த அளவுப் பலகை ஒன்று செய்து வைத்திருக்கிறாள். பொள்ளாச்சிப் பக்கத்துக் குடும்பம். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தும் அந்த 'ங்க' அவளை விட்டுப் போகவில்லை.

வீட்டிலும் அளவுதான். மகள் ஹரிணிக்குப் பத்து வயது. ஆறு வயதில் நாலு வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருந்தாள். தலைக்குள் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, வளர்ச்சி ஹார்மோனைப் போதுமான அளவு சுரக்கவில்லை என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு ஊசி. இன்று இடது தொடை என்றால் நாளை வலது. மருந்து ஃப்ரிட்ஜில், தயிருக்கும் தக்காளிக்கும் நடுவே தனி டப்பாவில் இருக்கிறது. கரண்ட் போனால் விஜயகுமாரி முதலில் அங்கேதான் ஓடுவாள். சில மாதங்களுக்கு ஒருமுறை உயரமும் ரத்தமும் பார்க்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கிறார்கள். எலும்பு நுனியில் வளரும் பகுதி மூடிக்கொண்டால் அதன்பின் எந்த ஊசியும் உயரம் தராது. முதல் வருடம் ஒன்பது சென்டிமீட்டர் ஏறியது. பிளாக் முழுக்கக் கேசரி கொடுத்தாள். ஹரிணிக்கு ஒரே குறை: "எல்லாருக்கும் ஷூ கிழிஞ்சாதான் புதுசு. எனக்கு மட்டும் புதுசா இருக்கும்போதே பத்தலம்மா."

இந்த வருடம் ஷூ கொடுக்கும் வாரத்தில் நடந்ததற்குச் செவ்வந்தி சாட்சி. நான் எதையும் சேர்க்கவில்லை. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து இளவழகன் வந்தான். கன்வேயரில் காண்ட்ராக்ட் வேலை, இருபத்தேழு வயது.

"யக்கா, எட்டு குடுங்க."

"உங்களுக்கு ஏழுங்க தம்பி. எட்டு யாருக்கு, மச்சானுக்கா?"

"சத்தியமா எனக்குத்தாங்கா. ஏழு கடிச்சிகினே இருக்குது."

"கழட்டுங்க. உள்ள வந்து ஏறுங்க பலகையில."

கட்டை எட்டில் நின்றது. மறு காலையும் வைக்கச் சொன்னாள், அதுவும் எட்டு. அவள் மனப்பாடம் பொய்த்தது அன்றைக்குத்தான்.

"நான் வளந்துகினு இருக்கேங்கா," என்றான் இளவழகன், பரீட்சையில் பாஸானவனைப் போல.

தையில் அவனுக்குக் கல்யாணம். பெண் முத்தாண்டிக்குப்பத்து இளவேனில், அவனைவிட இரண்டு விரற்கடை உயரம். நிச்சயத்தன்று போட்டோ எடுக்கும்போது, "நான் வேணா எல்லாப் படத்துலயும் உக்காந்துக்கறேன்," என்று சிரித்தாளாம். அவள் அதை அன்றே மறந்திருப்பாள். இவன் மறுநாளே ஒரு ஜிம்முக்குப் போனான். பத்து மாதமாக, அங்கே மாஸ்டர் என்று அழைக்கப்படுபவர் கொடுக்கும் வளர்ச்சி ஹார்மோனை ஊசியில் போட்டுக்கொள்கிறான்.

"உசரம் ஏறும், ஒடம்பும் ஏறும்னாருக்கா. சின்னப் புள்ளைங்களுக்கே போடறதாம். ஒண்ணும் செய்யாதாம்."

விஜயகுமாரி பேனாவை மூடினாள். "அந்தச் சின்னப் புள்ள எங்க வீட்லதான் இருக்குது," என்றாள்.

அவனை ரேக்கோடு ஒட்டி நிற்கவைத்து டேப்பைப் பிடித்தாள். "சேரறப்ப மெடிக்கல்ல எத்தனைங்க?"

"நூத்தி அறுவத்திநாலு."

டேப்பும் நூற்று அறுபத்து நான்குதான் சொன்னது. அவன் நைசாகக் குதிகாலை உயர்த்தினான். "கீழ வைங்க," என்றாள். பிறகு கையைக் காட்டச் சொன்னாள். நிச்சய மோதிரத்தைக் காணோம். கழற்ற முடியாமல் பத்தர் அறுத்தெடுத்தாராம். விரல்கள் மரத்துப்போய் ஸ்பானர் நழுவுகிறது. கணுக்கால் வீங்கியிருக்கிறது. தண்ணீர் குடித்துக் குடித்தும் தாகம் அடங்குவதில்லை.

"அதுலாம் வேலை சூட்டுலக்கா."

"இல்லீங்க தம்பி. உங்க எலும்பு நுனி எப்பவோ மூடிக்கிச்சு. இனி நீளத்துல போகாது. கை, கால், தாடைன்னு பெருத்துக்கிட்டுதான் போகும். வீக்கம் வடியும், பெருத்த எலும்பு திரும்பாது. சக்கரை ஏறும், இதயம் கெடும். என் புள்ளைக்கு முத ஊசிக்கு முன்னாடி டாக்டரு ஒண்ணொண்ணா சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாரு. உங்க மாஸ்டரு எதுல கையெழுத்து வாங்கினாரு?"



"ஏம்பா, பொண்ணவிட உசரமாவணும்னா ஒரு ஸ்டூலு போதாதா?" என்றாள் செவ்வந்தி. வரிசையே சிரித்தது. இளவழகன் மட்டும் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விஜயகுமாரி எட்டாம் நம்பரையே கொடுத்தாள். இருக்கிற காலுக்குத்தானே ஷூ. எந்த டாக்டரை இன்றைக்கே பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தாள். அவன் வெளியே வந்து புது ஷூவை மாட்டிக்கொண்டான், ஜன்னலை விட்டுப் போகவில்லை. சாப்பாட்டுப் பையைத் துழாவி, டிபன் பாக்ஸின் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தான்.

"வீணாப் போவுதேக்கா. உங்க பாப்பாவுக்கு ஆவுமா?"

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். செய்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை. புளிச்சோற்றின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, குப்பியைக் கந்தல் துணியில் சுற்றி சிமென்ட் தரையில் அவன் முன்னால் வைத்தாள்.

"புது ஷூ. நல்லா மிதிச்சுப் பாருங்க தம்பி."

இளவழகன் வலது காலைத் தூக்கினான். தூக்கிய கால் சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, முழு எடையோடும் இறக்கினான்.