தலைதீபாவளிக் கறிக்குழம்பு

சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு நோம்பு. அது முடியும்வரை வாசலுக்குள் கறி வராது. ஆனால் தெருவில் பாதி வீடுகளில் விடியும்போதே ஆட்டுக்கறி கொதிக்கும். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொண்டு, அந்த வாசனையை மோந்தே இருபத்தெட்டு வருஷம் வளர்ந்தவன் நான். கடலூரில் பெண் பார்க்கப் போனபோது அவர்களுக்கு நோம்பு கிடையாது என்று தெரிந்ததும் உடனே சரி என்றேன். பெண்ணையும் பிடித்திருந்தது. அதை மனைவி இன்றுவரை நம்பவில்லை.

2007இல் தலைதீபாவளிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாமனார் வீட்டுக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தேன். வீடு முழுக்கக் கறி வாசனை. என் இலையில் விழுந்ததோ இட்லி, சட்னி, வடை. பக்கத்தில் மாமனாருக்கும் அதேதான். மச்சான்கள் இரண்டு பேரையும் காணோம்.

மனைவி காதோடு விஷயத்தைச் சொன்னாள். முந்தின நாள் என் அம்மா போன் போட்டு, பிள்ளைக்கு நாளைக்குக் கறி ஆகாது என்று சம்பந்தியிடம் சொல்லியிருக்கிறாள். கறி இல்லாமல் தீபாவளியா என்று மச்சான்கள் விடாததால், மாமனார் விடியற்காலையில் கறிக்கடை வரிசையில் நின்று தொடைக்கறி வாங்கி வந்திருக்கிறார். மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாதென்று அவர்களுக்கு மொட்டைமாடியில் பந்தி. அம்மா மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

வாய்விட்டுக் கேட்கலாம்தான். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை கறி கேட்டு வாங்கித் தின்றான் என்ற பேச்சு சிதம்பரம்வரை போய்விடுமே. பேசாமல் சாப்பிட்டுத் தொலைக்கலாம் என்றிருந்தபோது மாமனாரைப் பார்த்தேன். அத்தனை நேரம் வரிசையில் நின்ற மனுஷர், எனக்குத் துணையாக இட்லியைச் சட்னியில் தொட்டு மருந்து மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷமாக என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். பாவமாகப் போய்விட்டது.

"மாமா, நோம்பு எங்க அம்மாவுக்குத்தான். எனக்குக் கறி போடச் சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமியார் மூடி போட்ட கிண்ணத்தோடு வந்துவிட்டார். உள்ளே அத்தனையும் நல்லி எலும்பு.

"மாடியில கேட்டானுங்க, நான் தரல. நீங்க கேக்க மாட்டீங்களான்னு காலையிலேருந்து ஒளிச்சு வெச்சிருக்கேன்."

இருப்பதில் பெரிய நல்லியைக் கரண்டியால் எடுத்து மாமனார் இலையில் போட்டேன். ஒரு பேச்சுக்குக்கூட அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.